ஏழாவது கேள்விக்கு அவள் சொன்ன பதில்

நாலு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம் அது. ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு. முன்பக்கம் நாங்கள் இருக்கிறோம். பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டுமாக ஒரு சின்ன போர்ஷன் உண்டு. இரண்டுக்கும் ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே கொடிக்கயிறு. அந்த போர்ஷனில் ஒரு இளம் ஜோடி குடியிருந்தது. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவள் செய்யாறு பக்கத்துப் பெண். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு பக்கத்து உறவும் அறுந்து போயிருந்தது. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது என்கிற பேச்சுக்கே அவளுக்கு இடமில்லை. அப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

நான் யார் என்று சொல்லவில்லையே! அந்தப் பக்கத்திலேயே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை இடத்திலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எத்தனையோ கர்ப்பிணிகளை அதட்டி உருட்டி மாத்திரை விழுங்க வைத்தது இந்த வாய்தான். எங்கள் பின் போர்ஷன் பெண்ணும் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் நிலையத்துக்குத்தான் பரிசோதனைக்கு வருவாள். காலையில் நான் முன்னால் கிளம்புவேன், அவள் அரை மணி கழித்து ஷேர் ஆட்டோவில் வந்து வரிசையில் உட்காருவாள். வீட்டுக்காரம்மா நர்ஸ் என்பதில் அவளுக்கு ஒரு தைரியம். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் சித்திரையில் எங்கள் டாக்டரம்மா ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்தார். சின்ன வயது, துடிப்பானவர். கர்ப்பிணிக்கு எடையும் ரத்தமும் பிரஷரும் பார்த்தால் மட்டும் போதாது, அவள் வீட்டு நிலைமையையும் கேட்க வேண்டும் என்பார். மொத்தம் பத்துக் கேள்விகள். மூன்று வேளை சாப்பிடுகிறாயா, தண்ணீர் எங்கிருந்து தூக்குகிறாய், வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா, பிரசவத்துக்குக் கூட இருக்க ஆள் உண்டா என்று போகும். ஏழாவது கேள்வி, 'குடியிருக்கும் வீட்டைவிட்டுப் போக வேண்டிய நிலைமை இருக்கிறதா?' என்பது. எதற்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் சமூகப் பணியாளரை அனுப்புவார். அந்த அம்மா நேரே அந்த வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வருவார்.

மற்ற நர்ஸ்கள் முனகினார்கள். இருக்கிற வேலை போதாதென்று இது வேறயா என்றார்கள். நான் மட்டும் அந்தத் தாளை ஆசையாகப் பிடித்துக்கொண்டேன். ஊர்க்கதை கேட்பது எனக்குக் கரும்பு தின்பது மாதிரி, அதற்கு அரசாங்கமே தாள் அடித்துக் கொடுத்தால் விடுவேனா! ஒருத்தி காலையில் வெறும் டீயோடு சரி என்பதை நான்தான் அவள் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டேன். இன்னொருத்தியின் முதுகுக் காயத்தை நான்தான் கண்டுபிடித்தேன். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

என் ஒரே பெண்ணைக் குமணன்சாவடியில் கொடுத்திருக்கிறோம். அவளும் அப்போது உண்டாகியிருந்தாள், ஐந்தாவது மாதம். ஆவணியில் வளைகாப்பு போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அதைப் பற்றிப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். பின் போர்ஷன் பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கும்போது வயிறு தெரிந்தது.

"இன்னா சம்பந்தி, இங்க ஒரு புள்ளத்தாச்சி கீது?" என்றார்.

"ஆமாங்க, பின்னாடி குடியிருக்கிற பொண்ணு."

"ஒரே வாசல்ல ரெண்டு புள்ளத்தாச்சி இருக்கக் கூடாதே. ரெண்டுல ஒண்ணுக்கு ஆவாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாதா! எங்கள் நிலையத்தில் பிரசவ அறைக்கு வெளியே நாலு கட்டில் உண்டு. நாலிலும் நிறைமாதக்காரிகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அந்த வார்டுக்கும் ஒரே வாசல்தான். இருபத்தாறு வருடமாக அங்கேதான் நிற்கிறேன். இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பெண்ணைக் கொடுத்த இடம். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், 'அன்னிக்கே சொன்னேனே, கேட்டாங்களா' என்று ஆயுசு முழுக்க என் பெண்ணின் தலையை உருட்டுவார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குள்ளேயும் ஒரு மூலையில் பயம் இருந்தது. படித்த படிப்பெல்லாம் அந்த மூலைக்குப் போய்ச் சேரவில்லை. "நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே அவளிடம் பேசினேன். குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பெண் பிரசவத்துக்கு வருகிறாள், வந்து போகிறவர்கள் தங்க இடம் வேண்டும், பெயின்ட் வேறு அடிக்க வேண்டும் என்று நாலு காரணத்தை அடுக்கினேன். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகவே ஆடி பிறப்பதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்றேன். அப்படியென்றால் அவளுக்கு நான் கொடுத்தது மூன்றே வாரம்.

அவள் தேய்த்த குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரிக்கா" என்றாள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் இரண்டு பொய் சொல்லியிருப்பேன். அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, "செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்கு மட்டும் இங்கயே வரலாமாக்கா?" என்று கேட்டாள். தாராளமாக வாம்மா, உனக்கு இல்லாததா என்றேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே அப்போது திருப்தியாக இருந்தது, வெட்கக்கேடு!

ஆறு மாத வயிற்றோடு வாடகைக்கு வீடு தேடுவது எப்படி என்று அந்த மூன்று வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் அவன் வண்டி விட்டு வந்ததும் இரண்டு பேரும் பைக்கில் கிளம்புவார்கள். பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று சுற்றிவிட்டு வருவார்கள். அவன் தனியாகப் போய்க் கேட்டால் வீடு இருக்கிறது என்பார்கள். அவள் வந்து நின்றதும் இல்லை என்றாகிவிடும். தீட்டு எல்லாம் கழித்துவிட்டுக் குழந்தையோடு வாருங்கள் என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். என் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் அடுப்பு. அவள் இதையெல்லாம் அவனிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வது எனக்குக் கேட்கும். நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நர்ஸிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் பயிற்சிக்காக எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். டாக்டரம்மா அவர்களை என் மேஜைக்கு அழைத்து வந்து, "பத்துக் கேள்வியை எப்படிக் கேட்கணும்னு இந்த சிஸ்டர்கிட்டக் கத்துக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போனார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது எங்கள் பின் போர்ஷன் பெண்.

அந்த நிமிடமே அடுத்தவரிடம் அனுப்பியிருக்கலாம். ஏன் என்று அந்தப் பெண்கள் கேட்டால் என்ன சொல்வது? கேட்க ஆரம்பித்தேன். சாப்பாடு, தண்ணீர், கை நீட்டுவது என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஆறு முடிந்தது. ஏழாவதைப் படிக்கும்போது நான் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப குடியிருக்கிற ஊட்ட விட்டுப் போவ வேண்டிய நெலம எதனா இருக்காம்மா?" என்று எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன சொன்னால் எனக்குச் சரியாக இருக்கும் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு, "இல்ல சிஸ்டர்" என்றாள்.

ஒன்றரை வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக சிஸ்டர் என்றாள். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. 'ஆமாம்' என்று அவள் சொல்லியிருந்தால் சமூகப் பணியாளர் கிளம்பி வந்து என் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பார். அந்தப் பயிற்சிப் பெண்கள் நான் கேட்ட விதத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஆனி கடைசியில் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு சிமென்ட் ஷீட் போட்ட வீடு கிடைத்தது. அவன் வண்டியிலேயே சாமான்களை ஏற்றினார்கள். போர்ஷனைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பு மேடையைக் கழுவி, வாசலில் சின்னதாக ஒரு கோலமும் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். காலி செய்கிற வீட்டுக்கு யார் கோலம் போடுகிறார்கள்? என் பெண் வரப்போகிற வீடு என்று போட்டிருப்பாள்.

ஆடி முதல் செவ்வாய் அவள் மின்சார ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பரிசோதனைக்கு வந்தாள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. உப்பைக் குறை, அடுத்த வாரமும் தவறாமல் வா என்றேன். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வராத கர்ப்பிணிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க எங்கள் நிலையத்தில் ஒரு சிஸ்டர் உண்டு. அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இது உங்க ஊட்டு அட்ரஸ் ஆச்சே, இந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

அவள் புது விலாசத்தை எழுதி, திருநின்றவூர்ப் பக்கத்து நர்ஸிடம் அவளை ஒப்படைத்திருக்க வேண்டும். அதுதான் முறை. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் படிவத்தில் வீடு மாறிய காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, டாக்டரம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படிப்பார். வீட்டைவிட்டுப் போகும் நிலைமை இல்லை என்று சொன்னவள் அந்த மாதமே எப்படிப் போனாள் என்று கேட்பார். அப்புறம் எழுதலாம், அப்புறம் எழுதலாம் என்று தள்ளினேன். இரண்டு தடவை போன் செய்தேன், கிடைக்கவில்லை. அதற்குள் வளைகாப்பு வேலை தலைக்கு மேல் வந்துவிட்டது. எங்கள் பதிவேட்டில் அவள் என் வீட்டிலேயே குடியிருந்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணின் வளைகாப்பு. வந்திருந்தவர்கள் எல்லோரும் வளையல் போட்டுக்கொண்டோம், எனக்கும் ஆளுக்கொரு டஜன் என்று இரண்டு கையிலும் அடுக்கிவிட்டார்கள். அந்த வளையல்களோடேயே செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். டோக்கன் கொடுக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே அவள் புருஷன் வந்து நின்றான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அவளோட பழைய சீட்டெல்லாம் பெரிய ஆஸ்பத்திரில கேக்கறாங்கக்கா" என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். ஒரு வாரமாகத் தலைவலி என்றிருக்கிறாள். காலில் செருப்பு நுழையாத அளவுக்கு வீக்கம். ரயில் ஏறி வர முடியவில்லை என்று மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். இவன் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான். திங்கட்கிழமை காலையில் குழாயடியில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். அங்கத்து வீட்டுக்காரம்மாதான் நூற்றெட்டுக்குப் போன் செய்து ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். "ஆம்பளப் பையன்க்கா. ஆனா ரொம்பச் சின்னதா கீறான்" என்றான்.

டாக்டரம்மா அவள் கோப்பை எடுத்துப் புரட்டினார். பத்துக் கேள்வித் தாளில் விரலை வைத்து, "வீட்ல ஒரு பிரச்சனையும் இல்லைன்னுதானே சிஸ்டர் போட்டிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் டாக்டர், அவள் அப்படித்தான் சொன்னாள் என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட என்றைக்காவது ஒருநாள் ஒப்புக்கொண்டு தலைமுழுகியிருக்கலாம்.

குழந்தை வியாழக்கிழமை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் கட்டிலின் கால்பக்கம் நின்றேன். போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது, வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. கால் வீக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவேன் என்று நான் பெருமை அடித்துக்கொள்வது உண்டு. அவள் எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் தினம் காலையில் துணி உலர்த்த வரும்போது அந்தப் பாதத்தைப் பார்த்திருப்பேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அன்றைக்கே சேர்த்திருப்பேன். யாருக்கு வேண்டுமானாலும் இப்படி வரும், உங்கள் தப்பு இல்லை என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது.

அவள் கண் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். அவசர அவசரமாகத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன், ஆனால் வளையல் சத்தம் போட்டுவிட்டது.

"உங்க பாப்பாக்கு வளகாப்பு நல்லா நடந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

ம் என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வாங்கிப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் பெண்ணுக்குக் கார்த்திகையில் சுகப்பிரசவம் ஆனது, பெண் குழந்தை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், நானும்தான். பின் போர்ஷனைப் பூட்டியே வைத்தேன். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் பெண் வளைகாப்பு முடிந்து வந்த பிறகு, இரண்டு பேரும் வயிற்றோடு அந்த வாசலில் ஒன்றாக இருந்திருக்கப் போவது ஒரு மாதமோ, ஒன்றரை மாதமோதான்.

போன வருடம் மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை. டோக்கனைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். நாலு மாதம். அந்தப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே, ஏம்மா இவ்வளவு தூரம் என்றேன். "பழைய சீட்டெல்லாம் இங்கதானேக்கா கீது" என்றாள். இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், ஆனால் பத்துக் கேள்வித் தாள் அப்படியே இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்த நர்ஸிடம் நீட்டி, நீ கேளும்மா என்றேன். எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

"நீங்களே கேளுங்கக்கா" என்றாள் அவள்.

திரையை இழுத்துவிட்டேன். யாரையும் பக்கத்தில் நிற்க விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவதைக் கேட்கும்போது இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன்.

"இருக்குக்கா. இந்த வாட்டி இருக்குன்னே எழுதுங்க" என்றாள்.

அதே திருநின்றவூர் வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு நூற்றெட்டைக் கூப்பிட்ட அதே வீட்டுக்காரம்மா, வேறு எங்கேயாவது இருந்து பெற்றுக்கொண்டு வா என்று இப்போது சொல்கிறாராம். நான் 'ஆமாம்' கட்டத்தில் டிக் போட்டேன். நம் போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடேன் என்றேன். எத்தனையோ நாளாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்த வார்த்தை அது. அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "வேணாங்க்கா, மறுபடி சாமானத் தூக்க முடியாது" என்றாள். அந்த அம்மாவிடம் நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், நர்ஸ் சொன்னால் கேட்பார்கள் என்றாள்.

சமூகப் பணியாளர் போக வேண்டிய இடத்துக்கு அந்தச் சனிக்கிழமை நானே போனேன். வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் அரிவாள்மணை போட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும், "வா, இப்டி குந்து" என்று ஒரு மணைப்பலகையை நகர்த்திப் போட்டார். விஷயத்தை ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னாம்மா கோவம்? தங்கமான பொண்ணு" என்றார். "அன்னிக்கு இந்தக் கொழாயடிலதான் கை கால் இழுத்துகினு கெடந்துச்சு. வண்டி வர வரிக்கும் என் மடிலதான் தலைய வச்சுகினு இருந்தேன். அந்தப் புள்ள போன சேதி கேட்டு மூணு நாளு சோறு எறங்கல எனக்கு. இன்னொரு வாட்டி என்னால ஆவாது தாயி."

நான் என் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை முதலிலிருந்தே கவனமாகப் பார்க்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம், வாராவாரம் பிரஷர் பார்ப்போம், கால் வீங்கினால் உங்களுக்கே தெரியும், எனக்கு ஒரு போன் போட்டால் போதும் என்று அடுக்கினேன். கர்ப்பிணியை அலைக்கழித்தால் என்ன ஆகும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் மீனை உரசிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் செரி. இவ்ளோ பேசுறியே, உன் ஊட்ல ஒருத்தி இப்டி வாயும் வயிறுமா குடியிருந்தா நீ வச்சுப்பியா? நெஞ்சத் தொட்டு சொல்லு."

அவள் அந்த நேரத்தில்தான் எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசல்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இத்தனை நாளில் அந்த அம்மாவிடம் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. வைத்துக்கொள்வேன் என்று நான் சொன்னால் அதற்கும் தலையாட்டியிருப்பாள்.

"வச்சுக்கலங்க" என்றேன். "இவ என் வீட்லதான் இருந்தா. என் பொண்ணும் புள்ளத்தாச்சி, ரெண்டு பேரு ஒரே வாசல்ல கூடாதுன்னு நான்தான் ஆறு மாசத்துல வெளிய அனுப்பினேன். அப்புறம்தான் உங்க வீட்டுக்கு வந்தா."

அந்த வார்த்தையை என் புருஷனிடம்கூட நான் அப்படி நேராகச் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மா என்னையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏண்டி, இத்த நீ சொல்லவே இல்லியே" என்றார்.

"சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது" என்றாள் அவள், டீயை என் பக்கத்தில் வைத்தபடி.

அந்த அம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகிறவர் நின்று, "இது இங்கதான் இருக்கும். எங்கியும் போவாது. நீ டீயக் குச்சிட்டுக் கெளம்பு" என்றார். நர்ஸ் சொல்லி அவர் கேட்கவில்லை. என்னை மாதிரி ஒருத்தியாக இருக்கக் கூடாது என்று அந்த நிமிடம் முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான். டீயைக் குடித்தேன். அவ்வளவு சூட்டோடு அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

இந்தத் தடவை விலாசத்தைச் சரியாக எழுதி, அங்கத்து நர்ஸையும் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். மாசி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. இங்கேயே வந்து போட்டுக்கொள்கிறேன் என்று ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு எங்கள் நிலையத்துக்கே வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த வீட்டுக்காரம்மா. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குழந்தையின் தொடையை மட்டும் காட்டி, "மெதுவா குத்து" என்றார். மெதுவாகத்தான் குத்தினேன்.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் நான்தான் அந்தத் தாளோடு உட்காருகிறேன். திரையை இழுத்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஏழாவதுக்கு யாராவது சட்டென்று இல்லை என்றால் மறுபடியும் கேட்கிறேன், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அன்றைக்கு அவள் 'இல்லை' என்று சொன்னது என் மானத்தைக் காப்பாற்ற, அதை நான் எழுதிக்கொண்டதும் என் மானத்தைக் காப்பாற்றத்தான். அவள் வயிற்றிலிருந்த அந்தக் குழந்தைக்காகப் பேச அந்த மேஜையில் ஒருத்தர்கூட இல்லாமல் போனோமே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.